ஏழாம் பெட்டுக்காரரின் இடது கால்

நாப்பது பேரும்ண்ணே! ஒருத்தி ரெண்டு பேருன்னா போகட்டும்னு விடலாம்... நாப்பது பேரு! வாயத் தொறக்காதீங்க, தெர்மாமீட்டர் விழுந்துடும். நாக்குக்கு அடியிலயே இருக்கட்டும். நான் சொல்றத மட்டும் கேளுங்க.

நர்சிங் காலேஜ்ல பதினேழு வருஷமா பாடம் நடத்துறேன். நாங்கல்லாம் பேஷண்ட் பக்கத்துல உக்காந்து, என்ன வலி, எங்க வலின்னு கேட்டு, கையால எழுதினோம். இதுங்க? போன்ல அந்த ஏஐகிட்ட, 'சக்கரை வியாதி, கால் ஆபரேஷன், கேர் பிளான் குடு'ன்னு ரெண்டு வெரலால தட்டுதுங்க. அது கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. முடிஞ்சுது வேல!

உங்க கேஸத்தான்ணே குடுத்தேன். ஏழாம் பெட்டுக்குப் போயி, அவர எப்படிக் கவனிக்கணும்னு பாத்து எழுதிட்டு வாங்கன்னு. என்ன எழுதிருக்குதுங்க தெரியுமா? 'இரண்டு பாதங்களிலும் நாடித்துடிப்பைப் பார்க்கவும். இடது கால் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்கவும்.' உங்களுக்கு இடது கால முட்டிக்குக் கீழ எடுத்துப் பன்னெண்டு நாளாச்சு! எந்த வெரலத் தொடைக்கிறது? சிரிக்காதீங்க... தெர்மாமீட்டர், தெர்மாமீட்டர்!

ஒருத்தி மட்டும்... மெதுவா நடப்பா, ஆமைன்னுதான் கூப்பிடுவாங்க. தெனம் மத்தியானம் உங்க பக்கத்துல வந்து உக்காருவாளே... ஆங், அவளேதான். நாலே வரி. 'எடுத்துவிட்ட காலின் கட்டைவிரல் அரிக்கிறது என்கிறார். யாரும் நம்பமாட்டார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அரிப்பு உண்மைதான் என்று முதலில் அவரிடம் சொல்ல வேண்டும்.' அவ்வளவுதான்.

அவளுக்கு நூத்துக்குப் பதினொண்ணு. மத்த நாப்பது பேருக்கும் தொண்ணூத்திரெண்டு.

ஏன் அப்படி மொறைக்கிறீங்க? நான் போடலண்ணே! அதாவது... கையெழுத்து என்னோடதுதான். மார்க்கு அது போட்டுச்சு. அதான், அந்த ஏஐ. அன்னைக்குன்னு பாத்து எனக்குக் கடவாப்பல்லு வலி. நாப்பத்தோரு பேப்பர யாரு படிக்கிறது? மாடல் ஆன்சரையும் அதுகிட்டயே கேட்டு வாங்கி, திருத்துறதையும் அதுகிட்டயே விட்டுட்டேன். இதுல என்ன தப்பு? பிள்ளைங்கதான் செய்யக்கூடாது. அது படிக்கிற வயசு. நான் படிச்சு முடிச்சவ!

ஆமைய வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன்... பெயிலாயிட்டா கடைசி வருஷத்துக்குப் போக முடியாதுன்னு, நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போயி நின்னுட்டா. அந்தம்மா பேப்பரும் கையுமா என்னையும் இழுத்துக்கிட்டு வந்து, உங்க போர்வைய வெலக்கிப் பாத்தாங்களே... அப்புறம் என்னையப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வ! 'மேடம், நீங்க இவர ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?' 'ரிப்போர்ட்டப் பாத்தேன் மேடம்'னேன். தப்பா அது?

அவளுக்கு மார்க்கத் திருத்திப் போட்டாச்சு. எனக்கு இது... நானே உங்ககிட்ட உக்காந்து, கேட்டு, என் கையால எழுதணுமாம். நாலு மணிக்குள்ள. அதத் திருத்தப் போறது யாரு? ஆமை! பதினேழு வருஷ சர்வீஸ்ண்ணே!

மணி என்ன... அய்யய்யோ, மூணே முக்காலா? பேப்பர்ல தேதி மட்டும்தான் இருக்கு. உங்கள ஒண்ணுமே கேக்கலயே... அண்ணே? தெர்மாமீட்டர நீங்களே எடுத்து வச்சிட்டீங்களா? ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க? அண்ணே... தூங்கிட்டாரு போல.

சரி, சரி. போன் எங்க வச்சேன்... ஆங். 'ஆண். சக்கரை வியாதி. இடது கால் இல்லை.' இத மொதல்லயே சொல்லிடணும், இல்லன்னா தொடைக்கச் சொல்லிடும். வயசு...? அண்ணே, உங்க வயசு என்ன? அண்ணே!

...பரவால்ல, அதுவே போட்டுக்கும்.