நாற்பத்தோராம் பக்கத்தில் ராக்னாவின் பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் டால் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, இந்தப் பனியிலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நம் தேவாலயத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! நான் போர்கில்ட் ரூட். மறைந்த ராக்னா க்வாலே அம்மையாரோடு சேர்ந்து ஸ்டோர்லி ஊர்ச் சமையல் புத்தகத்தைத் தொகுத்தவள். அவளை அவள் இவள் என்றுதான் பேசுவேன். வேறு மாதிரி எனக்கு வராது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். அவள் நினைவாக அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பை, ஓர் எழுத்தும் மாற்றாமல், மறுபடி அச்சடிக்கப்போவதாகப் போதகர் அறிவித்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை.

அந்தப் பதிப்பு எப்படிப்பட்டது? வாய்வழியாக வந்த பக்குவங்கள் முதன்முதலாக அச்சில் ஏறிய புத்தகம் அது. அதில் ஒரு பெண்ணின் பெயராவது இருந்ததா? திருமதி ஆர்விட் க்வாலே, திருமதி கார்ஸ்டென் ரூட், திருமதி ஹால்வர் ஊஸ்ட்பி. வெந்நீர் வைக்கத் தெரியாத ஆண்களின் பெயரில் விதவிதமான கேக்குகள். அதுதான் மரியாதை என்று நாங்களும் நினைத்தோம்.

நாற்பத்தோராம் பக்கத்தில் திருமதி ஆர்விட் க்வாலேயின் பச்சை பீன்ஸ். ஜாடியில் அடைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தால் குளிர்காலம் முழுக்கக் கெடாது என்று ராக்னா எழுதியிருந்தாள். அவள் அம்மா ஆயுசு முழுக்க அப்படித்தான் செய்தாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெறும் கொதியில் அந்த விஷக்கிருமி சாகாது, பிரஷர் குக்கர் வேண்டும் என்று அரசாங்கம் அச்சடித்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. யார் கேட்டோம்?

புத்தகம் வந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் ஹால்வரின் மனைவி இங்கா, தான் போட்டு வைத்த பீன்ஸ் ஜாடி ஒன்றைத் திறந்தாள். வாடை இல்லை, நிறம் மாறவில்லை. அடுப்பில் வைக்குமுன் ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்த்தாள். மகள் கார்லாவுக்கும் ஒரு வாய் கொடுத்தாள். மறுநாள் பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிறகு நாக்கு புரளவில்லை. பிறகு மூச்சு நின்றது. தாயையும் மகளையும் இதே தேவாலயத்தில் சேர்த்து வைத்து அழுதோம்.

அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு போதும், ஊர் வாயை ஏன் கிளற வேண்டும் என்று சங்கத்தில் பேசினார்கள். ராக்னா எழுந்தாள்.

"கையில மாவோட அடுப்புகிட்ட நிக்கிறவ அடிக்குறிப்பு படிப்பாளா? நீ படிச்சிருக்கியாடி?"

ஊர்ப் பத்திரிகைக்கு நேராகப் போனாள். நானும் கூடப் போனேன். அந்தப் பீன்ஸ் பக்குவம் தவறு, யாரும் செய்யாதீர்கள் என்ற அறிவிப்பின் கீழே, வழக்கப்படி திருமதி ஆர்விட் க்வாலே என்று எழுதினார் ஆசிரியர்.

"அந்தப் பேரை அடிச்சிடுங்க. ஆர்விட்டா பீன்ஸ் போட்டாரு? அந்த மனுஷனுக்குக் கத்திய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. எழுதினது நான். ராக்னான்னு போடுங்க."

இந்த ஊரில் ஒரு சமையல் விஷயத்துக்குக் கீழே பெண்ணின் சொந்தப் பெயர் அச்சேறியது அதுதான் முதல் தடவை. பெருமைப்பட வேண்டியதா, வெட்கப்பட வேண்டியதா, எனக்கு இன்றும் தெரியவில்லை.

பிறகு பண்ணை பண்ணையாகப் போய் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். "எங்க கல்யாணத்துக்கு வந்த புக்கு, கிழிக்க விடமாட்டேன்" என்றாள் ஒருத்தி. "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டாள் ராக்னா. அந்தப் பெண் தன் கையாலேயே கிழித்துக் கொடுத்தாள்.

போதகர் ஐயா, ஓர் எழுத்தும் மாற்றாத பதிப்பு அவளுக்கு நினைவுச் சின்னமா? அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு நாமே வைக்கும் கொள்ளி அது. அந்தப் பக்கம் மறுபடி அச்சானால், நானும் வீடு வீடாக வருவேன், கிழிக்க.

கிழிபடாத பிரதி ஒன்று உண்டு. அது ஹால்வர் வீட்டில் இருக்கிறது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நான் சொல்வதைப் பொறுத்துக்கொள்வார். பக்கத்தைக் கேட்டு ராக்னா போன அன்று அவர் சொன்னது என் காதில் இருக்கிறது.

"எல்லார் வீட்லயும் கிழி. இங்க இருக்கட்டும். இங்கா ஏதோ தப்பாப் பண்ணிட்டான்னு ஊர் பேசுது. அவ புக்குல இருந்தபடிதான் செஞ்சா. வருஷா வருஷம் வந்து நீ படிச்சிட்டுப் போ."

ஒவ்வோர் ஆகஸ்டிலும், பீன்ஸ் காய்க்கும் சமயத்தில், ராக்னா போனாள். அவர் புத்தகத்தை மேசையில் விரித்து வைப்பார். அவள் வாய்விட்டுப் படிப்பாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இந்தக் குளிர்காலம் அவளைக் கொண்டுபோய்விட்டது.

உறுதிமொழி எடுப்பது இந்த மாதிரிக் கூட்டங்களில் வழக்கம். என்னுடையது இதுதான். ஹால்வர், வரும் ஆகஸ்டில் நான் வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள். இங்கா தப்பாகச் செய்யவில்லை என்று நான் படித்துச் சொல்கிறேன்.