வாசலில் உப்பு

லான்மடாவிலிருந்து மாவ்பி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பர்மாத் தமிழ்ப் பெண்கள்.

“கனடாவுல என் மருமக இப்ப தெனம் வாசல்ல உப்பக் கொட்டுறா,” என்றார் மூத்தவர். நான் போனை அணைத்துவிட்டேன்.

“ஐயோ அக்கா, உப்ப மிதிக்கலாமா?”

“ஐஸ் பிடிக்காம இருக்கத்தான். போன வெள்ளிக்கிழம மகன் விடியக்காலம் எந்திரிச்சு, வாசல் பனியெல்லாம் சுத்தமா வழிச்சுத் தள்ளிட்டு உள்ள போயிருக்கான். பின்னாலயே இவ வாசலத் தெளிச்சுட்டா. வேலைக்குக் கிளம்பி வந்தவனுக்கு, வழுக்கி விழுந்து கை ஒடஞ்சிருச்சு.”

“அந்தக் குளிர்ல தண்ணி தெளிச்சா உறைஞ்சு போகாதா? யாரு அவளுக்குச் சொன்னது?”



“நான்தான். வெள்ளிக்கிழமையாச்சும் தெளின்னு போன்ல சொன்னேன்.”

“மகனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவ இன்னும் என்னக் காட்டிக் கொடுக்கல.”