கொதிக்கும் கூழில் போட்ட பொடி

“பொடியக் கொதிக்கிற கூழ்லயா போட்டீக?”

அறுபதுகளில் ஒருநாள், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் தன் கணவரிடம் கத்தினாள். கறிக்கோழிக் குஞ்சு வளர்க்கிறவர்கள். கம்பை அரைத்துக் காய்ச்சும் தீவனக் கூழ் செரிப்பதற்கென்று ஒரு பொடி வாங்கிக் கலந்தும் குஞ்சுகள் தேறவில்லை. கால்நடை டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“சூட்டுல போட்டாத்தான நல்லாக் கரையும்?” என்றார் அவர்.

“சூடு பட்டா பொடி வேலை செய்யாதுன்னு டாக்டர் இப்பத்தான சொன்னாரு! சூட்டுல போட்டீகளான்னு கேட்டதுக்கு இல்லைன்னு தலையாட்டுனீகளே?”

“அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?”

“ரெண்டு மாசமா நான் கம்பை ஒழுங்கா அரைக்கலைன்னு தெருப்பூராச் சொன்னீக. அதுக்கு மட்டும் வாய் வந்துச்சோ? செத்த குஞ்சையெல்லாம் நாந்தான குழி தோண்டிப் புதைச்சேன்!”

“மெதுவாப் பேசு. ஆளுக பாக்காக.”

“பாக்கட்டும்.”

திருத்தங்கலில் ஏறிய ஒரு அம்மாள் அவர்கள் தெருக்காரி போலிருக்கிறது. பார்த்ததும் சிரித்தாள்.

“என்ன மரியா, இப்பவாச்சும் கம்பை நல்லா அரைக்கியா?”

மரியா கணவர் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“சொல்லுதீகளா, நான் இங்கனயே இறங்கட்டுமா?”

“அரைப்புல குத்தமில்லக்கா,” என்று அவர் முனகினார். “நாந்தான் கெடுத்தேன்.”

“சத்தமா,” என்றாள் மரியா.