சம்பந்தியின் மஸ்டாங்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். லென்ஸின் பவரை அளக்கும் கருவியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். நாற்பது வருடத்தில் அது பொய் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய பொய்களை நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கண்ணாடிக் கடை. சம்பந்தி, அதாவது என் மகளைக் கட்டியவரின் அப்பா, நெடுந்தூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் நாலு மணிக்குக் கடைக்கு வருவார். இரண்டாம் உலகப் போரில் பறந்த, மூக்கில் விசிறி சுழலும் சண்டை விமானங்களில் எது உசத்தி என்று பேசுவோம். எனக்கு ஸ்பிட்ஃபயர், அவருக்கு மஸ்டாங். இரண்டையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அதனால் அபிப்பிராயத்தில் இம்மியும் சந்தேகம் இல்லை.

"ஸ்பிட்ஃபயர்ல இருந்த எஞ்சினை வாங்கி மாட்டினப்புறம்தானே உங்க மஸ்டாங் உருப்பட்டுச்சு? எஞ்சின் எங்க வீட்டுப் பொண்ணு சம்பந்தி."

"பொண்ணு உங்க வீடுதான், யாரு இல்லேன்னா? எங்க வீட்டுக்கு வந்தப்புறம்தானே அது நாலு ஊரைப் பார்த்துச்சு?"

சொல்லிவிட்டுத் தடிப் புத்தகத்தைப் பிரிப்பார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. எந்த விமானம் எவ்வளவு தூரம் போகும் என்ற கட்டத்தில் விரலை வைப்பார். மஸ்டாங் எங்கோ போய்விட்டிருக்கும். அந்த விரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் நியாயஸ்தன். அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது. போரும் முடிந்துவிட்டது. என் கையில் இருந்தது அவருடைய கண்ணாடி மட்டுமே. அந்த வருடம் அவருக்கு வேண்டிய பவர் இரண்டரை. நான் போட்டது இரண்டேகால். அடுத்த வருடம் இன்னொரு கால் குறைத்தேன்.

"எழுத்து லேசா ஆடுது சம்பந்தி."

"வயசு சம்பந்தி" என்று தோளைத் தட்டினேன்.

அதற்குப் பிறகு அட்டவணையை நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வாய் தவறி ஸ்பிட்ஃபயருக்கு நூறு மைல் கூடும். மறு வருடம் இருநூறு. போன மாதம் அது வழியில் எங்கும் பெட்ரோல் போடாமல் பெருங்கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சம்பந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஓட்டினவனுக்குச் சாப்பாடு?"

பத்தாவது வருடம் அவருக்குக் கொடுத்தது பவரே இல்லாத ஜன்னல் கண்ணாடி. பாவம், கார் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைதான் போகிற இடமெல்லாம் அழைத்துப் போகிறார். என் மகள் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுகிறாள். போன வாரம் கடைக்குள் நுழைந்தவர் என் கோட்டு ஸ்டாண்டைப் பார்த்து, "வாங்க டாக்டர், சௌக்கியமா?" என்று கும்பிட்டார். நான் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

பிறகு அவர் சொன்னார்: "கண்ணே போச்சு, இனி புத்தகம் எதுக்கு? நூலகத்துக்குக் குடுத்துடுறேன். ஞாயித்துக்கிழமை நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுங்க."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் யாரை ஜெயிப்பது?

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஒரு விமானத்துக்காக ஒரு மனிதனின் பார்வையைக் கால் காலாகத் திருடினேன். நாளைக்கே சரியான லென்ஸைப் போட்டு, காலில் விழுந்துவிடுவேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று துடைத்துத் தருவதாகச் சொல்லி அவர் கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்தேன். அது மூன்று காட்டியது. இந்த வயதில் அவருக்கு வேண்டிய அதே மூன்று. எதிரே இருக்கும் இன்னொரு கண்ணாடிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். பத்து வருடமாக, நான் கண்ணாடி கொடுத்த அன்று மாலையே சம்பந்தி அங்கே போய் லென்ஸை மாற்றிக்கொள்கிறாராம்.