குலுங்கக் கூடாதது

நான் எப்போதும் மெதுவாகத்தான் வண்டி ஓட்டுவேன். அது தொழில் பழக்கம். புரதப் படிகங்களை எக்ஸ்ரே லேசர் கூடத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. மாவைவிடப் பொடியானவை, கெட்டியான களிம்பில் கலந்து ஊசிக்குழலில் அடைத்திருப்போம். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டால் பாதி விரிசல் விட்டுவிடும்.

கூடத்தில் அந்தக் களிம்பை நூல்போலப் பிதுக்கிவிட வேண்டும். லேசர் பட்டதும் படிகம் சிதறிப்போகும். ஆனால் சிதறுவதற்கு முன்பே அதன் படம் பதிந்துவிடும். படம்தான் முந்தும், அழிவு பின்னால்தான் வரும். இது புரிந்தால் நான் செய்ததும் புரியும்.

என் மனைவிக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. அவளுடைய ஹீமோகுளோபின் வேறு யாருடையதைப் போலவும் இல்லை. அந்தப் புரதத்தைப் படிகமாக்கிப் படமெடுத்தால் அவளுக்கென்றே ஒரு மருந்தை உருவாக்கலாம் என்று சொன்னவன் நான்.

“கல்யாணமான நாள்லேர்ந்து என் ரத்தத்தைத்தானே குடிக்கிற, இப்ப குழாய் வேறயா?” என்று கையை நீட்டினாள்.

“கொஞ்சம்தான்.”

“எங்கம்மா அப்பவே சொன்னாங்க, மாப்பிள்ளை ரொம்ப சாதுவா இருக்காரு, பார்த்து நடந்துக்கோன்னு.”

இருவரும் சிரித்தோம்.

முதல் படங்கள் வீணாயின. அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வடிவத்தையே மாற்றியிருந்தது. மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“மாத்திரையை நிறுத்தினா அவங்க உடம்பு தாங்காது தம்பி.”

அவருக்கு எங்கள் வேலை தெரியாது. மாத்திரைப் புட்டியில் அதே நிறத்தில் சத்து மாத்திரைகளை நிரப்பினேன். படம் வரும்வரைதான். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாள். தினமும் நானே தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தேன்.

“என்ன, இப்பல்லாம் கவனிப்பு பலமா இருக்கு?” என்பாள். மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. படிகங்கள் அருமையாக வளர்ந்தன.

லேசர் கூடத்தில் எங்கள் முறை வந்த நாள் காலை. ஊசிக்குழலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது சமையலறையில் சரிந்து விழுந்தாள். தூக்கிவந்து முன் இருக்கையில் உட்கார வைத்தேன். மருத்துவமனைக்கும் கூடத்துக்கும் ஒரே சாலைதான்.

“கொஞ்சம் வேகமா போயேன்.”

“இதோ.”

ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறக்குறைய நிறுத்தி, ஏற்றி, இறக்கினேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது உடைஞ்சா வேற செஞ்சுக்கலாம்ல?”

“எல்லாம் உனக்காகத்தான்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மருத்துவமனை வாசலில் இறக்கும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் முறை போனால் திரும்பக் கிடைக்காது. கூடத்துக்குப் போனேன்.

படம் மிகத் தெளிவாக வந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் அவள் அம்மாவுக்குத் திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல என் பொண்ணு எங்க மாப்பிள்ளை?”

நடுவிலிருந்த ஒரு மடிப்பில் விரல் வைத்துக் காட்டினேன்.

இப்போதும் வேகத்தடை வரும்போது பக்கத்து இருக்கையிலிருந்து அந்தக் குரல் கேட்கிறது. கொஞ்சம் வேகமா போயேன் என்கிறது. என்னால் முடிவதில்லை.

மாத்திரையை மாற்றியது நான்தான். மெதுவாக ஓட்டியதும் தெரிந்துதான். இரண்டையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று ஒரு படிகம்கூட உடையவில்லை.