ஜூபாரெவ் தூக்க நினைச்ச கோப்பை

ஆமாண்ணே, நான்தான் அந்த கோல்கீப்பர். தொப்பிய இறக்கி விட்டும் கண்டுபிடிச்சிட்டீங்களே. உக்காருங்க, ரயிலு கசான் போக இன்னும் நேரம் கெடக்கு. திட்டணும்னா திட்டிக்கங்க. நேத்து ஊரே திட்டிருச்சு.

உங்க மஃப்ளர்ல சிரிக்கிறானே, ரினாத், சின்ன வயசுலேர்ந்து நாங்க ஒண்ணா ஐஸ் ஹாக்கி ஆடினவங்க. வெளியூர் போனா ஒரே ரூமு. கொறட்ட விட்டே கொன்னுடுவான். அந்த மஃப்ளர வித்தது யாரு? கிளப் மொதலாளி ஜூபாரெவ். பஸ் விபத்துல செத்த எங்க ஆட்டக்காரங்க அஞ்சு பேரு மூஞ்சியையும் போட்டு வித்தாரு.

டிரைவர் தூங்கிட்டாருன்னுதானே பேப்பர்ல படிச்சீங்க? கெனா மாமா தூங்கலண்ணே. நான் அவருக்குப் பின்சீட்டு. பெர்ம் ஊர்ல ஆட்டம் முடிஞ்சு வெளிய வந்தா பனிப்புயல், நீட்டுன கை தெரியல. விடிஞ்சதும் கெளம்புறோம்னு போன்ல கெஞ்சினாரு. மொதலாளி பேசுனது எனக்கே கேட்டுச்சு. நாளைக்கு ஆட்டம் பாக்க பெரிய மனுசங்க வர்றாங்க, வண்டிய எடு, இல்லாட்டி வேலைய விட்டுப் போன்னாரு. எடுத்தாரு. எதிர்ல மரம் ஏத்துன லாரி.

சொல்லாம இருப்பேனா? விசாரணையில அப்படியே சொன்னேன். மண்டையில அடிபட்டவன், ஒளர்றான்னு மூடிட்டாங்க. கெனா மாமாவும் அதுலதானே செத்தாரு. அவரு சம்சாரம் கல்லறைக்குப் போனப்ப ஜனங்க காறித் துப்புனாங்க.

லீக் ஆட்டங்க நிக்கல. மொதலாளி ஐஸ் மைதானத்துல லைட்ட அணைச்சு, மெழுகுவத்தி ஏத்தி, மைக்க புடிச்சு அழுதாரு. என் புள்ளைங்களுக்காக இந்த வருசக் கோப்பைய நானே தூக்குவேன்னாரு. மேயர் தேர்தல் வருதுல்ல.

நான் ஆடினேன். ஆமா, எந்த வருசமும் அப்படி ஆடுனதில்ல. அவரு கைக்கு எட்டுற தூரம் வரைக்கும் கோப்பையக் கொண்டாரணுமே. ஃபைனல்ல ஆளுக்கு மூணு ஜெயிச்சு, கடைசி ஏழாவது ஆட்டம், அதுவும் சமம். கூடுதல் நேரத்துல எவன் கோல் போட்டாலும் முடிஞ்சுது. மொதலாளி புதுக் கோட்டப் போட்டுக்கிட்டு மாடியிலேர்ந்து எறங்கி, ஐஸ் கதவுகிட்ட வந்து தயாரா நின்னாரு.

கூட ஆடுன பசங்கள நெனைக்காம இல்ல. ரினாத் இருந்திருந்தா மட்டையாலயே அடிச்சிருப்பான். தெரியும்.

இல்லண்ணே, எவனும் மறைக்கல. எதிராளி அடிச்ச வட்டு நல்லாத் தெரிஞ்சுது. காலைக் கொஞ்சம் அகட்டி வழி விட்டேன். அது உள்ள போறதக்கூடத் திரும்பிப் பாக்கல. மொதலாளி மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.