நிறுத்தின கைக்கும் ஒரு நன்றி

நன்றின்னு சொன்னதும் நமக்கு யாரு ஞாபகம் வருது, பிரியமானவங்களே? கொடுத்தவங்க. வேலை வாங்கிக் கொடுத்தவங்க... ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவங்க... மகளுக்கு நல்ல வரன் பாத்துக் கொடுத்தவங்க. சரிதான், தப்பில்ல. ஆனா இன்னைக்கு இந்த நன்றிக் கூட்டத்துல நான் வேற ஒரு ஆளைப் பத்திப் பேசணும். பின்னால இருக்கிறவங்க கொஞ்சம் முன்னால வந்து உக்காருங்க. சின்னதா ஒரு கதை இருக்கு, சொல்லிடுதேன்.

நம்ம பாளையங்கோட்டையில காலையில கூட்டமா ஓடுவாங்களே, பாத்திருக்கீங்களா? கலர் கலரா பனியன் போட்டுக்கிட்டு... ஒரு சங்கம் மாதிரி. அதுல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி ஜெபசீலி, பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். இன்னொருத்தி கோமதி, வக்கீல். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, நாப்பது தாண்டியாச்சு. ஜெபசீலிதான் வேகம். கோமதி எப்பவும் ரெண்டடி பின்னால. வருஷக்கணக்கா இப்படித்தான்.

ஒருநாள் ஜெபசீலிக்கு முழங்காலுக்குக் கீழ வலி. படம் எடுத்துப் பாத்தா, எலும்புல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். டாக்டர் சொல்லிட்டார்: "டீச்சர், ஓட்டத்தை மறந்திருங்க, கொஞ்ச காலத்துக்கு."

ஓடுற காலுக்கு உக்காருறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வீட்டுல சிடுசிடுன்னு இருக்கா. புருஷன் காபி கொடுத்தாலும் கோபம், கொடுக்காட்டியும் கோபம்!

அப்புறம் மெல்ல நடக்கலாம்னு சொன்னாங்க. யாரு கூட நடந்தா? கோமதி. சங்கத்து ஆளுக எல்லாம் முன்னால ஓடிப் போக, இவ மட்டும் ஆமை மாதிரி ஜெபசீலி பக்கத்துல. நடை கொஞ்சம் ஓட்டம் ஆச்சு... ஓட்டம் நீண்டுச்சு... ஜெபசீலி முகத்துல பழைய சிரிப்பு வந்துச்சு.

தூத்துக்குடியில ஒரு பந்தயம் வந்துச்சு. இருபத்தோரு கிலோமீட்டர். ரெண்டு பேரும் பேர் கொடுத்தாங்க. கோமதிக்கு அது பெரிய ஆசை. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு தடவையாவது முடிச்சிரணும்னு பல வருஷமா முயற்சி பண்ணுதா, கை நழுவிக்கிட்டே இருக்கு. இந்தத் தடவை உடம்பு தயாரா இருக்கு.

பந்தயம் தொடங்கியாச்சு. ரெண்டு பக்கமும் உப்பளம், நடுவுல ரோடு. பாதித் தூரம் தாண்டியாச்சு. ஜெபசீலி முன்னால, கோமதி ரெண்டடி பின்னால. அப்போ கோமதி காதுல ஒண்ணு விழுது. ஜெபசீலியோட கால் சத்தம். இத்தனை வருஷமா பின்னாலயே ஓடிக் கேட்ட சத்தம் இல்லையா? வலது கால் அழுத்தமா விழுது... இடது கால் பட்டும் படாம விழுது.

"ஏட்டி சீலி, கால் வலிக்கா?"

"இல்லட்டி, நீ ஓடு."

"பொய் சொல்லாத. நில்லு."

"நிக்க மாட்டேன். இன்னும் கொஞ்சந்தான்!"

கோமதி என்ன செஞ்சா? எட்டிக் கையப் பிடிச்சு இழுத்து நிறுத்திட்டா.

ஜெபசீலிக்கு வந்த கோபம்... அப்பப்பா! நடுரோட்டுல கத்துதா: "விடுட்டி கைய! என்னை முந்த உன்னால முடியாது. அதான் என்னைய நிறுத்துத! உனக்குப் பொறாமை!"

கேட்டீங்களா? எப்படிப்பட்ட வார்த்தை!

கோமதி வக்கீல். வாயத் திறந்தா ஜட்ஜே கேட்டுக்கிட்டு இருப்பார். அன்னைக்கு... அவ வாதாடல. பிடிச்ச கைய விடவும் இல்ல. ரோட்டோரத்துல அவளை உக்கார வெச்சா. தானும் பக்கத்துல உக்காந்தா. மத்தவங்க எல்லாரும் ஓடிப் போறாங்க... கோமதியோட ரெண்டு மணி நேரமும் ஓடிப் போகுது... அவ எந்திரிக்கவே இல்ல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்.

மறுநாள் படம் எடுத்தாங்க. டாக்டர் அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுக் கேட்டார்: "டீச்சர், யாரு உங்களை நிறுத்தினது?"

"ஏன் டாக்டர்?"

"இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தா எலும்பு ரெண்டா போயிருக்கும். கம்பி வெச்சு, ஸ்க்ரூ போட்டு... அதுக்கப்புறம் ஓட்டத்தைப் பத்தி நாம பேசியிருக்கவே மாட்டோம்."

ஜெபசீலி ஊன்றுகோலோட நேரா கோமதி வீட்டுக்குப் போனா. கதவு திறந்துச்சு. என்ன பேசணும்னு ஆட்டோவுல வரும்போதே யோசிச்சு வெச்சிருந்தா. ஆனா கோமதியைப் பாத்ததும் அழுதுட்டா.

"மன்னிச்சிருட்டி... எனக்காக உன் பந்தயமே போச்சே..."

கோமதி சொன்னா: "பந்தயம் அடுத்த வருஷமும் வரும். உன் காலு வருமா? உள்ள வா, தோசை ஊத்துதேன்."

அடுத்த வருஷம் அதே பந்தயத்துல கோமதி ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துட்டா. ஜெபசீலி? ரொம்பப் பின்னால, மெதுவா, ஆனா முழுசா ஓடி முடிச்சா. எல்லைக்கோட்டைத் தாண்டினதும் மெடலைக் கழுத்துல போட வந்தவங்ககிட்ட சொன்னாளாம்: "அந்தா நிக்காளே, அவளை முதல்ல நான் கும்பிட்டுட்டு வந்திருதேன்."

பிரியமானவங்களே... நம்மை ஓட வெச்சவங்களுக்கு நன்றி சொல்லிட்டோம். நம்மை நிறுத்தினவங்களுக்கு? "இந்தக் கூட்டாளி வேண்டாம்ல"ன்னு சொன்ன அண்ணன்... "முதல்ல நெஞ்சுவலியை டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்புறம் கடையைத் திறக்கலாம்"னு சாவியைப் பிடுங்கி வெச்ச மனைவி... அவங்களை நாம என்ன சொன்னோம்? பொறாமைன்னோம். எதிரின்னோம்.

எல்லாத் தடையும் நல்லதுன்னு நான் சொல்ல வரல. தடுக்கிறதுக்குன்னே பொறந்த ஆளுகளும் இருக்காங்க, எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்! பின்ன எப்படிக் கண்டுபிடிக்கிறது? உன்னை நிறுத்திட்டு, தான் மட்டும் முன்னால போறவன் வேற. உன்னை நிறுத்திட்டு... உன்கூடவே உக்காருறவ வேற.

அப்படி ஒருத்தர் உங்க வாழ்க்கையில உக்காந்திருக்காங்களா? அவங்ககிட்ட பேசி எவ்வளவு நாளாச்சு? கூட்டம் முடிஞ்சதும் பந்தி இருக்கு. இலை முன்னால உக்காருறதுக்கு முந்தி... வெளிய போய் அவங்களுக்கு ஒரு போன் போட்டுட்டு வாங்க. சாப்பாடு காத்திருக்கும்.